பெருக்கல் குறி

எலுமிச்சம்பழம் இரண்டாகக் கிடந்தது.

காலையில் பூஜை முடித்துக் கடையைப் பூட்டும்போது அது முழுப் பழமாகத்தான் இருந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, மரத்தைச் சாய்வாக வெட்டும் மைட்டர் மெஷினின் இரும்பு மேடையில், பிளேடுக்கு நேர் கீழே அதை வைத்ததே செம்பியன்தான். ஷட்டரை இழுத்துப் பூட்டியவனும் அவன்தான். சாவி அவன் பேன்ட் பையை விட்டு வெளியே போகவில்லை. இப்போது மணி மூன்றேகால். திரும்ப வந்து பார்த்தால் பழம் இரண்டு துண்டு. சாறு இன்னும் ஈரமாக இருந்தது.

பூட்டுவதற்கு முன் தான் கவனிக்காதபோது கனிமொழி நறுக்கி வைத்திருப்பாளோ என்று நினைத்தான். அவன் மனைவிக்குப் பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வைக்கிற பழக்கம் உண்டு. ஆனால் வெட்டுமுகத்தில் குங்குமம் இல்லை. அதுவும் போக, எந்தப் பெண்பிள்ளை எலுமிச்சம்பழத்தை இப்படிக் கோணலாக நறுக்குவாள்? கதவு நிலையின் மூலையில் இரண்டு பீடிங் சட்டம் வந்து சேருமே, அந்தச் சாய்வு. அச்சு அசல் நாற்பத்தைந்து டிகிரி. மெஷினையோ அவன் காலையில் நேர்வெட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். குனிந்து பார்த்தான். கோணம் காட்டும் முள் நாற்பத்தைந்தில் நின்றது.

“எலி கிலி தட்டியிருக்கும்,” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, துண்டுகளை எடுத்து மூலையில் எறிந்தான். எலி பழத்தை அறுக்குமா, முள்ளைத் திருப்புமா என்று அவனைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

அவனே அங்கே இருந்திருக்கக் கூடாது. ஆயுத பூஜை அன்று பொட்டு வைத்த கருவியை மறுநாள் வரை தொடக் கூடாது. சிதம்பரத்தில் எந்தப் பட்டறையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கடலூரில் காயத்ரி மேடத்துக்கு விஜயதசமி விடியலில் புதுமனை புகுவிழா. வாசல் நிலையைச் சுற்றிப் போகும் தேக்கு பீடிங்கில் இரண்டு துண்டு குறைகிறது. அளவைத் தப்பாக எடுத்தவன் செம்பியன். மத்தியானம் கிள்ளை ஊரில் தன் வீட்டில் இலை போட்டு உட்காரும்போது மேடத்தின் போன் வந்தது.

“வர்ற சொந்தக்காரங்க எல்லாம் வாசல்லதாங்க நின்னு போட்டோ எடுப்பாங்க. பல்லு போன வாய் மாதிரி நிக்கிது. காலைல நாலு மணிக்கு அது முடிஞ்சிருக்கணும். இல்லேன்னா இந்தப் பக்கமே வந்துடாதீங்க.”

“வந்துடும் மேடம். ரெண்டே வெட்டு.”

வண்டியை எடுக்கும்போது கனிமொழி வாசலுக்கு வந்தாள். “மெஷின தொடப் போறீங்களா?”

“பூட்டு சரியா போட்டனான்னு பாத்துட்டு வரேன். தொட என்னா எனக்கு பைத்தியமா?”

கடை வாசலில் இறங்கியபோது பக்கத்துப் பால்கடை சுப்பிரமணியன் நாற்காலியைப் போட்டு மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னா செம்பியா, இன்னிக்குப் போயி கடைய தொறக்கற?”

“பூஜை சாமான் எடுத்துட்டுப் போவணும்ணே. ஒரு நிமிஷம்.”

இப்படி இரண்டு பேரிடம் இரண்டு பொய். பொய்க்குத் தோதாக உள்ளே நுழைந்ததும் ஷட்டரைத் தரை வரை இறக்கி விட்டான். அப்போதுதான் பழத்தைப் பார்த்தான்.

மழை வந்துவிட்டது. முதலில் தகரக் கூரையில் நாலு பொட்டு, பிறகு மூட்டை அவிழ்ந்து கொட்டுகிற மாதிரி ஒரே அடி. காலையில் கொளுத்திய கற்பூர வாசனையும் தேக்குத் தூளின் எண்ணெய் வாசனையும் மூடிய கடைக்குள் கலந்து மூக்கை அடைத்தன. ஒரே ஒரு டியூப்லைட். அதன் வெளிச்சத்தில் மெஷின் நெற்றியில் சந்தனப் பொட்டோடு தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மெஷினுக்குப் பின்னால் சுவரில் கொளஞ்சி ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. கிழித்துப் போட வேண்டும் என்று ஆறு மாதமாக நினைக்கிறான், கை வரவில்லை.

கொளஞ்சியப்பன் அவனிடம் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். திட்டக்குடி பக்கத்து ஆள். கடலூரில் நடந்த ஒரு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, பச்சை ஸ்கெட்ச் பேனாவால் தன் கோழிக் கிறுக்கலில் எழுதி ஒட்டினான். கார்டைக் கட்டாதே. கை பிளேடுக்கு ஆறு அங்குலம் தள்ளி இருக்கணும். சின்னத் துண்டைக் கையால் பிடிக்காதே, கிளாம்ப் போடு. பிளேடு சுத்தமா நின்ன பிறகு கையை நீட்டு. கடைசி வரி மட்டும் கொட்டை எழுத்தில்: சிக்கினா முதல்ல ப்ளக்கைப் பிடுங்கு.

“நீ என்னா இஞ்சினியராடா?” என்று அன்றைக்குச் செம்பியன் சிரித்தான். பிளேடை மூடுகிற பிளாஸ்டிக் கார்டு பென்சில் கோட்டை மறைக்கிறது என்று அதைக் கட்டுக்கம்பியால் மேலே தூக்கிக் கட்டியது அவன்தான். கைப்பிடியில் இருக்கும் ஸ்விட்ச் அமுக்கினால் அமுக்கியபடி நிற்காமல் போனபோது, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் போட்டு அதை அமுக்கி இறுக்கியதும் அவன்தான். அதற்குப் பிறகு மெஷினைப் போடுவதும் நிறுத்துவதும் சுவர் போர்டில். ப்ளக் உருகியதும் வயரை நேராகப் போர்டுக்குள்ளேயே கொடுத்து, சுவரோடு ஆணி கிளிப் அடித்துவிட்டான். பிடுங்க இனி ப்ளக்கே கிடையாது. கொளஞ்சி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “வேணாண்ணே. இது என்னைக்காவது கைய கேக்கும்ணே.”

சித்திரை மாதம் கேட்டது.

அன்றைக்கு மரம் சிக்கி, கரண்டை நிறுத்துகிற ட்ரிப்பர் விழுந்தது. ட்ரிப்பர் பெட்டி கடைக்கு வெளியே, பால்கடைக்கும் இதற்கும் நடுவில் இருக்கும் சந்தில். இரண்டு கடைக்கும் ஒரே லைன். கொளஞ்சி சிக்கிய துண்டை எடுக்கக் கையை விட்டிருந்தான். செம்பியன் சந்துக்குப் போய், “போடவா?” என்று கேட்டான். கேட்டான், ஆனால் பதிலுக்கு நிற்கவில்லை. போட்டுவிட்டான். சுவர் போர்டில் மெஷின் ஸ்விட்ச் ஆனிலேயே கிடந்தது.

இடது கையில் மூன்று விரல். இரண்டுதான் கிடைத்தன. மூன்றாவதைத் தூளைக் கிளறிக் கிளறித் தேடினார்கள், கிடைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கொளஞ்சியின் மனைவி மங்கலம் வந்து நின்றபோது செம்பியன் சொன்னான்: “கார்ட கட்டாதடான்னு எத்தினி வாட்டி சொன்னேன்மா. கேக்கலியே. கரண்டு தானா வந்துடுச்சி.” அவள் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனின் தோளிலேயே அடித்து அழுதாள், “ஒனக்குப் புத்தி இருக்கா, புத்தி இருக்கா” என்று. கொளஞ்சி செம்பியனைப் பார்த்தான், அவ்வளவுதான். சர்க்கரை இருந்த உடம்பு, காயம் ஆறவே இல்லை. ஆவணியில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். செம்பியன் சாவுக்குப் போகவில்லை. கடலூரில் வேலை ஜாஸ்தி என்று சொல்லி விட்டான்.

சரி, அதெல்லாம் எதற்கு இப்போது. ரெண்டே வெட்டு.

சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்து பீடிங்கில் சாய்வாகக் கோடு போட்டான். கழிந்து போகிற பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அது கொளஞ்சியின் பழக்கம்; எந்தப் பக்கம் வேண்டும், எந்தப் பக்கம் குப்பைக்கு என்று வெட்டுகிறவனுக்குக் குழப்பம் வராது. ஒன்பது வருஷத்தில் அது செம்பியனுக்கும் தொற்றிக்கொண்டது. வெட்டும் முன் மரத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவதும் கொளஞ்சியின் பழக்கம்தான். நீள மரத்தின் அடுத்த முனையைச் செம்பியன் தாங்கிக்கொண்டு நிற்பான். டொக், டொக். சரியாக இருக்கிறது, அசையாதே என்று அர்த்தம். தட்டாமல் அவன் ஒரு வெட்டுக்கூடப் போட்டதில்லை.

செம்பியன் தட்டவில்லை. போர்டில் ஸ்விட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது, பிளேடு அலறியது, முதல் துண்டு வெண்ணெயாக வெட்டுப்பட்டது.

இரண்டாவது துண்டு சின்னது. ஒரு சாண்கூட இல்லை. கிளாம்ப் எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்கியது. அதை எடுக்க நாலு அடி நடக்க வேண்டும். நடக்கவில்லை. இடது கையால் துண்டைப் பின்பக்கத் தடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் மெஷினின் தலையைக் கீழே இறக்கினான்.

பிளேடு பாதி மரத்தில் கடித்தது. துண்டு துள்ளியது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் மரம் அவன் கையைச் சுருட்டி இழுத்துக்கொண்டு தடுப்பில் போய் அறைந்தது. ‘டப்’ என்று வெளியே ஒரு சத்தம். டியூப்லைட் அணைந்தது. பிளேடு நின்றது.

எண்ணினான். பெருவிரல், சுண்டுவிரல் வெளியே. நடு மூன்று விரலும் மரத்துக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவே. அசைத்துப் பார்த்தான், அசைந்தன. ரத்தம் இல்லை. முருகா, இருக்கிறது, மூன்றும் இருக்கிறது. பிளேடின் பல் நடுவிரலுக்கு அரை விரல்கடை தள்ளி நின்றது.

இழுத்தான். வரவில்லை. மெஷின் தலையைத் தூக்கினான். மரத்தில் கடித்த பிளேடு விடவில்லை. முழுபலத்தையும் கொடுத்து உதறினான். மேசை ஆடியது, ஆணியில் தொங்கிய கிளாம்ப் ஆடியது, கை மட்டும் நகரவில்லை. ஆச்சரியமாக இருந்தது. ஒரு சாண் மரத்துக்கு இவ்வளவு பிடியா?

ட்ரிப்பர் விழுந்திருக்கிறது. ஸ்விட்ச் ஆனில் இருக்கிறது. கைப்பிடி ஸ்விட்சை டேக் இறுக்கிப் பிடித்திருக்கிறது. யாராவது வெளியே ட்ரிப்பரைத் தூக்கி விட்டால் பிளேடு சுற்றும், மரம் மேலும் சுருளும், அதோடு சேர்ந்து இந்த மூன்றும்.

முதலில் ஸ்விட்சை அணைக்க வேண்டும்.

சுவர் போர்டு இரண்டு கை தூரத்தில் இருந்தது. காலை நீட்டினான்; எட்டவில்லை. வலது கையால் வயரைப் பிடித்து இழுத்தான். அவன் அடித்த கிளிப்புகள், ஒவ்வொன்றும் கல்லாக நின்றன. இதையாவது ஒழுங்காகச் செய்யாமல் இருந்திருக்கலாம். டேக்கின் அடியில் பென்சிலை நுழைத்து முறுக்கினான். பென்சில் ஒடிந்தது. நகத்தைக் கொடுத்தான். நகம் பிய்ந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

கல்லா மேசையில் வைத்திருந்த போன் அடித்தது. கனிமொழி. வெட்டிய முதல் துண்டை எடுத்து எட்டினான். மரத்தின் முனை போனைத் தொட்டது. மரம் தொட்டால் போன் எடுக்குமா? வழித்து வழித்துப் பார்த்தான். அது மேசை விளிம்புக்கு வந்து, கீழே விழுந்து, குப்புறக் கிடந்து அடித்தது. பிறகு ஓய்ந்தது. பூட்டைப் பார்த்துவிட்டு மழைக்கு எங்கேயாவது ஒதுங்கி நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

“சுப்பிரமணியண்ணே!” என்று கத்தினான். “அண்ணே! அண்ணேய்!” தகரத்தில் கொட்டுகிற மழை அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. இவன் பூஜை சாமானை எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டான் என்றுதான் அவர் நினைப்பார்.

ஷட்டருக்கு அடியில் இருந்து வந்த சாம்பல் வெளிச்சத்துக்குக் கண் பழகியது. சுவரில் தாள் தெரிந்தது. பச்சை எழுத்து. சின்னத் துண்டைக் கையால் பிடிக்காதே. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினால் வாசனை வந்தது. கற்பூரம் இல்லை, தேக்கும் இல்லை. மூலையில் எறிந்த எலுமிச்சம்பழத்தின் புளிப்பு, அதற்கு அடியில் இன்னொன்று. ஆஸ்பத்திரியில் கொளஞ்சியின் கட்டைப் பிரித்தபோது வந்த வாசனை.

கண்ணைத் திறந்தான். விரல்களின் மேல் ஏதோ கோடு தெரிந்தது. மூன்றுக்கும் குறுக்கே, சாய்வாக. தூள் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஊதினான். போகவில்லை.

அப்போதுதான் அது உள்ளங்கையில் பட்டது. மேடையின் நடுவில் பிளேடு இறங்குவதற்கு ஒரு இடுக்கு உண்டு. அதன் வழியாக, கீழிருந்து. மரச் சிலாம்பாக இருக்கும். சிலாம்பு குத்தும். இது குத்தவில்லை. சில்லென்று மெத்தையாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில். லேசாக அழுத்தியது, சரிபார்ப்பது மாதிரி. நகர்ந்தது. மறுபடி அழுத்தியது.

செம்பியன் குனிந்து அந்த இடுக்கைப் பார்த்தான்.

“கொளஞ்சி,” என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. “டேய், கொளஞ்சி. நான்தான்டா போட்டேன். நீ சொல்றவரைக்கும் நிக்கலடா. கார்ட கட்டனதும் நான்தான். மங்கலத்துகிட்ட நான் சொன்னதெல்லாம் பொய்யிடா. வெளிய போனதும் திட்டக்குடிக்கு வண்டிய விடறேன். அவ கால்ல வுழுந்து சொல்லிடறேன். சாமி சத்தியமா. கைய வுடுடா. இது போனா எனக்கு ஒண்ணுமே இல்லடா.”

அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதான்.

பிடி தளர்ந்தது.

நிஜமாகவே தளர்ந்தது. ஒரு நூல் அளவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களை மெல்ல உருவினான். ஒரு நெல்லளவு வந்தன. இன்னொரு நெல்லளவு. டேக் ஞாபகம் வந்தது. அதையும் அறுத்துவிட்டால் போதும், பயம் இல்லை. குனிந்தான். கடித்தே அறுத்துவிடலாம். கைப்பிடிக்கு வாயைக் கொண்டுபோனான். கட்டித் தூக்கிய கார்டுக்குக் கீழே பிளேடின் பற்கள் அவன் கன்னத்துக்கு நாலு விரல்கடையில் வரிசையாக நின்றன. பல்லில் டேக் பட்டது. கடித்தான். பிளாஸ்டிக் கரகரத்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

சந்தில் செருப்புச் சத்தம்.

நிமிர்ந்தான்.

“எவன்டா இது, பண்டிகை நாளும் அதுவுமா,” சுப்பிரமணியன் குரல். பாலும் தயிருமாக நிறைந்த பிரிட்ஜ் ஆயிற்றே, கரண்டு போனால் அவர் சும்மா இருப்பாரா. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு செங்கல் தூரத்தில் நின்றார். பெட்டியின் தகரக் கதவு கிரீச்சிட்டது. “ட்ரிப்பர்தான் வுழுந்திருக்கு.”

“அண்ணே! போடாதீங்க! கை மாட்டியிருக்குண்ணே!”

மழை. மழை. மழை.

“சுப்பிரமணியண்ணே!”

“செம்பியா? உள்ளயா இருக்க?” அவர் குரல் தெளிவாகக் கேட்டது. இவன் குரல்தான் போகவில்லை. “வண்டி இன்னும் நிக்கிதேன்னு பாத்தேன். மெஷினு ஏதாவது போட்டியா?”

சுவரை உதைத்தான். மரத்துண்டால் மேசையை அடித்தான். தொண்டை கிழியக் கத்தினான், வந்தது காற்று.

நல்ல மனுஷன் சுப்பிரமணியன். அவசரப்படுகிற ஆள் இல்லை. செம்பியன் மாதிரி இல்லை. கேட்டுவிட்டு, கேட்டதற்குப் பதில் வருகிறவரை நிற்பார்.

“போடவா?”

நின்றார்.

செம்பியன் வாயைத் திறந்தான்.

அவன் வலது தோளுக்குப் பக்கத்தில், வெட்டுகிறவன் நிற்கிற இடத்தில் இருந்து, கத்தாமல், அவசரமில்லாமல், மழையைத் தாண்டிச் சுவரைத் தாண்டிப் போகிற குரலில் யாரோ சொன்னார்கள்.

“போடுங்கண்ணே.”

“சரிப்பா.”

டப்.

டியூப்லைட் இரண்டு முறை துடித்து எரிந்தது. போர்டில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் பிரிட்ஜ் முனகியது. செருப்புச் சத்தம் சந்தில் திரும்பிப் போனது.

பிளேடு சுற்றவில்லை.

டேக் இன்னும் அறவில்லை. ஸ்விட்ச் ஆனில்தான் இருந்தது. கரண்டு வந்திருந்தது. சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை. அசையாமல் நின்றது.

விரல்களைப் பிடித்த பிடி மறுபடி இறுகியிருந்தது.

வெள்ளை வெளிச்சத்தில் தன் கையைப் பார்த்தான். கோடு தூள் இல்லை. பென்சில் கோடு. மூன்று விரலுக்கும் குறுக்கே, ஒரே இழுப்பில், கச்சிதமான நாற்பத்தைந்து டிகிரியில். கோட்டுக்கு அந்தப் பக்கம், நகங்கள் இருக்கிற பக்கம், ஒவ்வொரு விரலிலும் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

மேடை இடுக்குக்குக் கீழே அந்தச் சில்லிட்ட ஒற்றை விரல் அவன் கையை ஒரு மயிரிழை இடது பக்கம் தள்ளியது. கோடு பிளேடுக்கு நேராக வந்தது.

மரத்தின் அடியில் இருந்து, டொக்.

டொக்.